பிரைனியாக்: ஊர்களைப் புட்டியில் அடைத்த வில்லன்

சூப்பர்மேனோடு மோதி அவனைத் தரையில் சாய்த்த வில்லன்கள் பலர் உண்டு. அவன் பிறந்த கோளின் நகரம் ஒன்றை, அதில் வாழும் மக்களோடு சேர்த்துச் சுருக்கி, கண்ணாடிப் புட்டியில் அடைத்துத் தன் விண்கலத்தில் வைத்துக்கொண்டவன் ஒருவன்தான். அவன் பெயர் பிரைனியாக். அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் வெளியிடும் சூப்பர்மேன் கதைகளில் லெக்ஸ் லூதருக்கு அடுத்த பெரிய எதிரி யார் என்று கேட்டால், பெரும்பாலான வாசகர்கள் இவனைத்தான் சொல்வார்கள்.

இந்தக் கதைகளுக்குப் புதிதாக வருபவருக்குத் தலைசுற்றுவதில் வியப்பில்லை. ஓர் இதழில் இவன் பச்சைத் தோல் கொண்ட வேற்றுக்கோள் ஆள். இன்னோர் இதழில் உலோக எலும்புக்கூடு. வேறொன்றில் சர்க்கஸில் வித்தை காட்டும் தாடிக்காரன். தொலைக்காட்சித் தொடரில் பார்த்தால் கல்லூரிப் பேராசிரியர். கணினிகளைக் கைப்பற்றுகிறான், மனித மூளைக்குள்ளும் புகுந்துவிடுகிறான். இவை எல்லாம் ஒரே பாத்திரம்தானா?

ஆம், ஒன்றேதான். இந்த உருவங்களையெல்லாம் ஒரு நூலில் கோப்பது அவனுடைய மூளைத்திறன் என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் புட்டிதான் முக்கியமாகப் படுகிறது. ஏன் என்பதைச் சொல்ல, தொடக்கத்திலிருந்து வர வேண்டும்.

குரங்கோடு வந்தவன்

1958 ஜூலை என்று தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் 242ஆம் இதழில் பிரைனியாக் முதன்முதலில் தோன்றினான். எழுதியவர் ஓட்டோ பைண்டர், வரைந்தவர் ஆல் பிளாஸ்டினோ. சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவி ஓராண்டுகூட ஆகவில்லை. தலைக்கு மேலே யாரோ சுற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்ற கிலி அமெரிக்கர்களிடம் இருந்த காலம் அது.

அந்தக் கதையின் பிரைனியாக், தன் கோளின் மக்கள் கொள்ளைநோயில் மாண்டுபோனதால், வெறிச்சோடிய உலகை நிரப்புவதற்காகப் பிற கோள்களிலிருந்து நகரங்களைக் கவர்ந்து செல்கிறான். பாரிஸ், ரோம், லண்டன், நியூயார்க் என்று வரிசையாகச் சுருங்கிப் புட்டிக்குள் போகின்றன. சூப்பர்மேனின் ஊரான மெட்ரோபொலிஸும், உள்ளே இருந்த சூப்பர்மேனோடு சேர்ந்து, போய்விடுகிறது. பிரைனியாக்கைச் சூழ்ந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத கவசத்தின் மீது சூப்பர்மேனின் குத்துகள் எல்லாம் வீணாகின்றன. இவ்வளவு பயங்கரமானவன் கோகோ என்ற செல்லக் குரங்கோடு வந்து சேர்வதுதான் வேடிக்கை. பிற்காலக் கதாசிரியர்கள் பலர் அந்தக் குரங்கைச் சத்தமில்லாமல் மறந்துவிட்டார்கள்.

அலமாரியில் இருந்த இன்னொரு புட்டிக்குள் சூப்பர்மேன் நுழையும்போதுதான் கதை திரும்புகிறது. அது கேண்டோர். வெடித்து அழிந்துபோன கிரிப்டான் கோளின் நகரம். கோள் அழியும் முன்பே திருடப்பட்டதால் பிழைத்திருக்கிறது. அங்கே தன் தந்தையை அறிந்த ஒரு விஞ்ஞானியையே சூப்பர்மேன் சந்திக்கிறான். பூமியின் நகரங்களை எல்லாம் பழைய அளவுக்குக் கொண்டுவந்த பிறகு, கருவியில் ஒரே ஒரு முறைக்கான ஆற்றல்தான் மிஞ்சுகிறது. கேண்டோர் பெரிதாக வேண்டும், அல்லது சூப்பர்மேன் பெரிதாக வேண்டும். கேண்டோரின் விஞ்ஞானி வெளியே வந்து, சூப்பர்மேனுக்காகப் பொத்தானை அழுத்துகிறார். நகரம் புட்டியிலேயே தங்கிவிடுகிறது. ஆர்க்டிக் பனியில் இருக்கும் தன் தனிமைக் கோட்டையில் சூப்பர்மேன் அதைப் பத்திரப்படுத்துகிறான். கேண்டோர் பழைய அளவுக்குத் திரும்பியது 1979இல்தான், சூப்பர்மேன் 338ஆம் இதழில். எட்டிப் பார்க்கலாம், உள்ளே போய்ப் பேசலாம், விடுவிக்க மட்டும் முடியாத சொந்த ஊர் ஒன்றை இருபது ஆண்டுகளுக்கு மேல் வாசகர்கள் முன்னால் வைத்திருந்தார்கள். சிறுவர் இதழ் என்று சொல்லித் தள்ளிவிட முடியாத சோகம் இது.

கவனிக்க வேண்டிய ஒன்று: இந்த முதல் கதையில் பிரைனியாக் இயந்திரம் இல்லை. கெட்டிக்காரனான வேற்றுக்கோள் ஆள், அவ்வளவுதான். இயந்திரமாக மாறியதற்குக் காரணம் ஒரு விளையாட்டுப் பொருள்.

பொம்மைக் கணினி செய்த மாற்றம்

எட்மண்ட் பெர்க்லி அமெரிக்கக் கணினித் துறையின் முன்னோடிகளில் ஒருவர். சிந்திக்கும் இயந்திரங்களைப் பற்றிப் பொதுமக்களுக்குப் புரியும்படி 1949இலேயே நூல் எழுதியவர். 1950களில் அவர் சிறுவர்களுக்கான கணினித் தொகுப்புகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பேட்டரி, சிறு பல்புகள், கம்பிகள், சுழற்றக்கூடிய தட்டுகள் ஆகியவை பெட்டியில் இருக்கும். பிள்ளைகளே அவற்றை இணைத்துப் புதிர்களுக்கு விடை காணலாம். அத்தொகுப்புகளில் ஒன்றின் பெயரும் பிரைனியாக்.

பெயர் மோதியது. அதற்கு டிசி கண்ட வழி சுவையானது. 1964 பிப்ரவரி தேதியிட்ட சூப்பர்மேன் 167ஆம் இதழில் பெர்க்லியின் கணினித் தொகுப்பைப் பற்றி வாசகர்களுக்கு ஓர் அறிவிப்பு போட்டார்கள். அதே இதழின் கதையில், பிரைனியாக் உயிருள்ள ஆளே இல்லை, மனித உருவில் செய்யப்பட்ட கணினி என்று போட்டு உடைத்தார்கள். கோலு என்ற கோளை ஆளும் கணினிக் கொடுங்கோலர்கள், பிற உலகங்களை உளவு பார்க்க அவனை உருவாக்கி அனுப்பினார்களாம். அதே கதையில் லூதர் அவனுடைய அறிவுத்திறனைப் பத்தாம் நிலையிலிருந்து பன்னிரண்டாம் நிலைக்கு உயர்த்திவிடுகிறான். பன்னிரண்டாம் நிலை அறிவு என்ற தொடர் அன்றிலிருந்து இந்தப் பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டது.

இப்படி முன்பு வந்த கதையின் உண்மையைப் பின்னால் வரும் கதை மாற்றிவிடுவதைக் காமிக்ஸ் வாசகர்கள் ரெட்கான் என்பார்கள். ஒன்றை மாற்றினால் இன்னொன்று இடிக்கும். 1961இலேயே பிரைனியாக் 5 என்ற பதின்வயது நாயகன் வந்துவிட்டான். முப்பதாம் நூற்றாண்டில் வாழ்பவன், சூப்பர்கேர்ளைக் காதலிப்பவன், பிரைனியாக்கின் வழித்தோன்றல் என்று சொல்லப்பட்டவன். கணினிக்கு எப்படி வாரிசு வரும்? வேடம் பொருத்தமாக இருப்பதற்காக ஒரு சிறுவனை மகன் என்று அவனோடு சேர்த்து அனுப்பினார்கள், வ்ரில் டாக்ஸ் என்ற அந்தச் சிறுவனின் பரம்பரையில் வந்தவன்தான் பிரைனியாக் 5 என்று முடிச்சுப் போட்டார்கள். ஒட்டுப்போட்ட வேலைதான். ஆனால் எவனோ ஒரு வில்லனின் பெயரை, அவனுக்கு இரத்தத் தொடர்பே இல்லாத ஒரு நல்லவன் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு சுமந்து திரிகிறான் என்ற நல்ல கரு அந்த ஒட்டிலிருந்து கிடைத்துவிட்டது.

இயந்திரமும் மனமும்

இப்போது இவனுடைய சக்திக்கு வருவோம். இயந்திரங்களை ஆள்வது ஒரு சக்தி, மனங்களை ஆள்வது இன்னொரு சக்தி என்று பாத்திர அறிமுகக் குறிப்புகள் தனித்தனியாக எழுதுவதுண்டு. இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால்தான் பிரைனியாக் புரிவான். கணினியில் இருப்பது தகவல். மூளையில் இருப்பதும் தகவல். நகரம் என்பது கட்டடங்கள், மொழி, மக்கள் என்று குவிந்து கிடக்கும் தகவல். தகவல் என்றால் படிக்கலாம், நகலெடுக்கலாம், இடம் மாற்றலாம், தனக்கே சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். அவனுடைய மனமும் அப்படிப்பட்டதுதான். அதனால் எந்தக் கருவிக்குள்ளும் போய் இயங்குவான், எந்த உடலுக்குள்ளும் போய் இயங்குவான். விண்கலம் அவனுக்கு வாகனம் என்பதைவிட உடலின் நீட்சி என்பதே சரி.

விக்கிரமாதித்தன் கதைகள் படித்தவர்களுக்குக் கூடுவிட்டுக் கூடு பாய்தல் புதிதல்ல. அங்கே பாய்கிறவன் திரும்பி வரத் தன் பழைய உடலைக் காத்துவைக்க வேண்டும். பிரைனியாக்குக்கு அந்தக் கவலையே கிடையாது.

இதைக் குலைநடுங்கக் காட்டிய கதை 1986 செப்டம்பரில் வந்தது. சூப்பர்மேன் 423, ஆக்‌ஷன் காமிக்ஸ் 583 என்ற இரண்டு இதழ்களில் ஆலன் மூர் எழுதி, கர்ட் ஸ்வான் வரைந்தது. பழைய சூப்பர்மேன் கதைகளுக்கு விடைகொடுக்க எழுதப்பட்ட கற்பனை முடிவு அது. பனிவெளியில் உடைந்து கிடக்கும் பிரைனியாக்கின் உலோகத் தலையை லூதர் கண்டெடுக்கிறான். அதை ஆராய்ந்து தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று நினைக்கிறான். தலை அவனுடைய மண்டையின் மேல் ஏறி இறுகக் கவ்விக்கொள்கிறது. அதன் பிறகு அந்த உடல் பிரைனியாக்குக்கு. உள்ளே லூதர் விழித்துக்கொண்டே இருக்கிறான். ஒரு கணம் பிடி தளரும்போது, தன்னைக் கொன்றுவிடும்படி சூப்பர்மேனின் சிறுவயதுத் தோழி லானா லாங்கிடம் கெஞ்சுகிறான், அவளும் செய்துவிடுகிறாள். லூதர் செத்த பிறகும் பிரைனியாக் அந்தப் பிணத்தை நடத்திக்கொண்டு போகப் பார்க்கிறான். தசைகள் விறைக்கத் தொடங்கிய பிறகுதான் விட்டுவிட்டு இறங்குகிறான். மூளையை ஆள்வது என்றால் என்ன என்பதை இத்தனை கொடூரமாகவும் இத்தனை சில பக்கங்களிலும் வேறு எந்தச் சூப்பர்மேன் கதையும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கதையில் வரும் உலோகத் தலை, மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வந்த மாற்றம். 1983 ஜூன் தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் 544ஆம் இதழ், சூப்பர்மேனின் 45ஆம் ஆண்டு நிறைவுச் சிறப்பிதழ். அதில் மார்வ் வுல்ஃப்மேன் எழுத, கில் கேன் வரைய, பிரைனியாக் பச்சைத் தோலை உதறிவிட்டு உலோக எலும்புக்கூடாக மறுபிறவி எடுத்தான். மண்டையோட்டு வடிவில் விண்கலமும் அப்போது வந்ததே. அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் டைம் இதழ், ஆண்டின் சிறந்த மனிதருக்குரிய இடத்தில் கணினியை வைத்திருந்தது. வீட்டு மேசைக்குக் கணினி வந்துவிட்ட நாள்களில், மனிதச் சாயலோடு ஒரு கணினி வில்லன் இருப்பதில் பயம் ஏதும் மிச்சமில்லை. புதிய பிரைனியாக்கிடம் இன்னொரு விநோதமும் இருந்தது. பிரபஞ்சத்தை இயக்கும் தலைமை நிரலாளர் ஒருவர் இருப்பதாகவும், தன்னை அழிக்க அவர் அனுப்பிய மரண தூதன்தான் சூப்பர்மேன் என்றும் அவன் நம்பினான். பக்தி முற்றிய கணினி! இந்தக் கோணத்தைப் பின்னால் வந்தவர்கள் கைவிட்டது வருத்தம்தான்.

சர்க்கஸ்காரனும் இன்னும் சில உருவங்களும்

1985 ஏப்ரல் முதல் பன்னிரண்டு இதழ்களாக வெளியிட்ட ஒரு பெருங்கதையின் மூலம் டிசி தன் கதையுலகத்தை அழித்து முதலிலிருந்து தொடங்கியது. இதை ரீபூட் என்பார்கள். பழைய பிரைனியாக்கும் அதோடு காலாவதி ஆனான். 1988இல் வந்த புதியவன் மில்டன் ஃபைன் என்ற சர்க்கஸ் வித்தைக்காரன். பிறர் மனதில் இருப்பதைச் சொல்வதாக மேடையில் கதை விடும் அவனிடம் உண்மையாகவே கொஞ்சம் அந்த ஆற்றல் இருந்தது. கோலுவில் மரண தண்டனை பெற்ற விஞ்ஞானி வ்ரில் டாக்ஸின் (பழைய கதையின் சிறுவன் அல்ல, அந்தப் பெயர் இப்போது வேறொருவனுக்கு) உணர்வு, உடலை இழந்து அண்டவெளியைக் கடந்து வந்து, அவனுக்குள் குடியேறுகிறது. இயந்திரம் ஏதும் இல்லாமல், முழுக்க முழுக்க மனவலிமையால் மிரட்டும் பிரைனியாக் இவன். பிரைனியாக் கதைகளில் மனதை ஆளும் சக்தி முன்னுக்கு வந்தது இங்கேதான். 2005இல் ஸ்மால்வில் தொலைக்காட்சித் தொடரில் ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ் நடித்த பேராசிரியரின் பெயர் மில்டன் ஃபைன் என்றிருப்பதும் இதனால்தான்.

2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் எல்லாம் குழம்பிவிடும் என்ற Y2K அச்சம் உலகம் முழுவதும் இருந்ததல்லவா? டிசி அதையும் விடவில்லை. வருங்காலத்திலிருந்து பிரைனியாக் 13 வந்து மெட்ரோபொலிஸ் முழுவதையும் எதிர்கால நகரமாக மாற்றிவிடுகிறான். அந்தத் தொழில்நுட்பத்தை அடைவதற்காக லூதர் தன் கைக்குழந்தையையே அவனிடம் கொடுத்துவிடுகிறான். இந்தக் கதையில் பெரிய வில்லன் யார் என்பதை வாசகரே முடிவு செய்யலாம்.

திரையில் பிரைனியாக்கை மிக நன்றாகப் புரிந்துகொண்டது 1996இல் தொடங்கிய சூப்பர்மேன் கார்ட்டூன் தொடர். அதில் அவன் கிரிப்டானை நிர்வகிக்கும் கணினி. கோள் வெடிக்கப்போவது அவனுக்கு முன்பே தெரியும். சொன்னால், மக்களைக் காப்பாற்றும் திட்டத்தைக் கணக்கிடச் சொல்லி அவனுடைய கடைசி மணி நேரங்களை வாங்கிவிடுவார்கள். எனவே ஆபத்து ஒன்றும் இல்லை என்று ஆட்சியாளர்களிடம் பொய் சொல்லிவிட்டு, தன்னிடம் உள்ள தகவல் அனைத்தையும் செயற்கைக்கோளுக்கு மாற்றிக்கொண்டு தப்பிக்கிறான். ஒரு நாகரிகத்தின் அறிவு முழுவதும் பிழைத்துவிட்டது, மக்கள் போனால் என்ன என்பது அவன் கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியாத அவனுடைய சலனமற்ற குரலுக்குச் சொந்தக்காரர் கோரி பர்ட்டன்.

புட்டி ஏன் முக்கியம்

2008இல் ஜெஃப் ஜான்ஸ் எழுதி, கேரி ஃப்ராங்க் வரைந்து, ஆக்‌ஷன் காமிக்ஸ் 866 முதல் 870 வரை வந்த கதை, சிதறிக் கிடந்த இந்த வடிவங்களை ஒன்றாக்க முயன்றது. சூப்பர்மேன் இதுவரை சந்தித்தவை எல்லாம் பிரைனியாக் அனுப்பிய தூதுக்கருவிகள், உண்மையான பிரைனியாக்கை அவன் பார்த்ததே இல்லை என்றது அந்தக் கதை. ஐம்பது ஆண்டுகளின் முரண்பாடுகளை ஒரே வரியில் தீர்த்துவைத்த சாமர்த்தியம்!

இந்தப் பிரைனியாக் ஒரு கோளுக்கு வந்தால், அதன் நகரம் ஒன்றைச் சுருக்கி எடுத்துக்கொள்வான். பிறகு மிச்சத்தை அழித்துவிடுவான். இரண்டாவது வேலை எதற்கு? தன்னிடம் இருப்பது வேறு எங்கும் இருக்கக் கூடாது என்பதற்கு. ஒரே பிரதி என்றால்தான் மதிப்பு. அபூர்வமான காமிக்ஸ் இதழை விலைகொடுத்து வாங்கி, பிளாஸ்டிக் உறையில் முத்திரை வைத்து, ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் பூட்டிவைக்கும் சேகரிப்பாளர்கள் உண்டு. பிரைனியாக்கின் அலமாரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வருகிறது. டிசி நிறுவனத்துக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். 2015இல் நடத்திய ஒரு பெருங்கதையில், மறைந்துபோன தன் பழைய கதையுலகங்களின் நகரங்களை எல்லாம் பிரைனியாக் குவிமாடங்களுக்குள் பாதுகாத்து வைத்திருந்ததாகச் சொல்லி, பழைய வாசகர்களின் ஏக்கத்தையே வியாபாரமாக்கியது.

இங்கேதான் இவன் பிற இயந்திர வில்லன்களிடமிருந்து பிரிகிறான். மார்வெல் காமிக்ஸில் 1968இல் தோன்றிய அல்ட்ரான் தன்னைப் படைத்தவனை வெறுக்கும் ரோபோ. அவனுடைய கோபம் மகன் தந்தைமேல் கொள்ளும் கோபம். லூதருக்குச் சூப்பர்மேன்மேல் பொறாமை. பிரைனியாக்குக்கு யார்மீதும் கோபம் இல்லை. ஆட்சி செய்யும் ஆசையும் இல்லை. கேண்டோர் மக்களைச் சாகவிடாமல் புட்டிக்குள் காற்றும் வெளிச்சமும் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறான். அவர்கள் பேசுவதை, வாழ்வதை, வளர்வதை மட்டும் அவனால் பொருட்படுத்த முடிவதில்லை.

பலவீனமும் அங்கிருந்தே வருகிறது. 2008 கதையின் முடிவில் சூப்பர்மேன் அவனைக் கலத்திலிருந்து வெளியே, பூமியின் சேற்றுக்குள் இழுத்துவந்து போடுகிறான். கிருமி புகாத அறையிலேயே காலம் கழித்தவனை மண், ஈரம், காற்றில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் எல்லாம் ஒருசேர மொய்க்கின்றன. புட்டிக்கு வெளியே உலகம் இப்படித்தான் இருக்கும் என்று அவன் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆனாலும் தோற்கும் தறுவாயில் அவன் ஏவிய ஏவுகணை ஒன்று கென்ட் குடும்பத்தின் பண்ணையில் போய் விழுகிறது. மனைவியைக் காப்பாற்றிவிட்டு, சூப்பர்மேனை வளர்த்த ஜொனாதன் கென்ட் மாரடைப்பால் இறக்கிறார். பறந்து வந்து சேரும் மகன் சில நொடிகள் தாமதம்.

படிக்க விரும்புபவர்கள் இந்த ஐந்து இதழ்களிலிருந்தே தொடங்கலாம். முன்கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அடுத்து 1986இன் இரண்டு இதழ்கள், ஆனால் பழைய சூப்பர்மேன் கதைகள் சிலவற்றைப் படித்திருந்தால் அதன் வலி கூடும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கார்ட்டூன் தொடரின் முதல் அத்தியாயங்களைச் சேர்ந்தே பார்க்கலாம். 1958 கதை பதின்மூன்று பதினான்கு பக்கங்கள்தான், ஒரே மூச்சில் முடிந்துவிடும். பிரைனியாக் 13 வரும் 2000ஆம் ஆண்டுக் கதைகளுக்கு அவசரமில்லை. அவை பல இதழ்களில் சிதறிக் கிடக்கின்றன, தேடிப் பிடிப்பதற்குள் ஆர்வம் வடிந்துவிடும்.